36 மணி நேர ட்யூட்டி முடித்து ஸ்கூட்டியில் வீட்டுக்கு வருகிறாள் என் தங்கை. யாரிடம் சொல்வது?

அருப்புக்கோட்டை அண்ணன் எழுதியது:

என் தங்கை ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு பிரிவில் முதலாம் ஆண்டு பி.ஜி. (முதுநிலை மாணவி). எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் இதை எழுத விட்டாள். அம்மா அவளுக்குத் துணையாக அங்கேயே வாடகை வீட்டில் இருக்கிறார். நான் வாரக் கடைசியில் போய் வருவேன்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். திங்கள் காலை 7 மணிக்கு வார்டுக்குப் போனாள். அன்று அவள் யூனிட்டுக்கு அட்மிஷன் நாள், அதாவது புது நோயாளிகளைச் சேர்க்கும் முறை. இரவு முழுக்க லேபர் வார்டு. விடிந்ததும் குளித்துவிட்டு ரவுண்ட்ஸ், அப்புறம் தியேட்டர், அப்புறம் கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி என்று வரிசையாக வந்து, மாலை 6:30க்குத்தான் ஸ்கூட்டியை எடுத்திருக்கிறாள். சிக்னலில் காலை ஊன்றி நின்றவள் அப்படியே தூங்கிவிட்டாள், பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்ததும்தான் விழித்திருக்கிறாள். அதற்குப் பிறகும் ஓட்டி வந்து, அரை கிலோமீட்டர் தாண்டி சென்டர் மீடியனில் மோதி விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்தது, ஹெல்மெட் விரிசல் விட்டது. அதோடு போனது.

அதைவிட என்னைக் கலங்க வைத்தது வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான். அம்மா ரசம் சாதம் பிசைந்து கொடுத்தார். ஒரு கவளத்தைக் கையில் எடுத்தவள் அதை வாயில் வைக்காமலே தூங்கிவிட்டாள். அம்மா தோளைத் தொட்டதும் திடுக்கென்று எழுந்து, "சிஸ்டர், பதினாலாம் பெட்டுக்கு பி.பி. பார்த்தாச்சா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். தன்னைப் பெற்றவரை அவளுக்கு அந்த நிமிடம் அடையாளம் தெரியவில்லை.

இது வாரத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. நான் யாரிடமாவது பேசுகிறேன் என்றால், "அண்ணா, வேண்டாம். எல்லாரும் இப்படித்தான் படிச்சு வந்தாங்க. என் பேர் தெரிஞ்சா மூணு வருஷம் அனுபவிக்கணும்" என்கிறாள். இதற்குச் சட்டம் எதுவும் இல்லையா? அவள் பெயர் வெளியே வராமல் கேட்க வழி உண்டா? இன்னொன்றும் மனதை அரிக்கிறது. அம்மாவை அடையாளம் தெரியாத அந்த நிலைமையில்தானே அரை மணி நேரத்துக்கு முன்புவரை கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்?

மயக்கவியல் டாக்டர், 19 வருட சர்வீஸ்:

சட்டம் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நீங்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நைட் முடிந்து வரும் நாளில் அவர் வண்டியைத் தொடவே கூடாது. ஆட்டோ, பஸ், நடை, எதுவாக இருந்தாலும் சரி. சாவியை அம்மா வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

காரணம் சொல்கிறேன். 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தூங்காதவர்களையும் குடித்தவர்களையும் ஒரே பரிசோதனை செய்ய வைத்துப் பார்த்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை, கண் ஒருங்கிணைப்பு ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தவர் 0.10 சதவீதம் உள்ளவர்போலத் தடுமாறினார். நம் நாட்டில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக வழக்குப் போட 0.03 சதவீதமே போதும். உங்கள் தங்கை விழித்திருந்தது 24 அல்ல, கிட்டத்தட்ட 36 மணி நேரம். 2005இல் அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களிடம் எடுத்த கணக்கில், 24 மணி நேரத்துக்கு மேல் நீண்ட ஷிஃப்டை முடித்து வீடு திரும்பும்போது விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. இத்தனைக்கும் அவர்கள் ஓட்டியது கார்.

நோயாளிகள் பற்றிக் கேட்டீர்கள். நான் இரண்டாம் வருட பி.ஜி.யாக இருந்தபோது நடந்தது, இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. விடிகாலை 4:30 இருக்கும், குடல்வால் வெடித்த கேஸ் முடிந்தது. நோயாளியை எழுப்பும் முன் தசைகளை மறுபடி இயங்க வைக்கும் நியோஸ்டிக்மின் கொடுக்க வேண்டும். நான் கையில் எடுத்தது தசைகளைச் செயலிழக்கச் செய்யும் வெக்குரோனியம் இருந்த சிரிஞ்ச். இரண்டுக்கும் லேபிள் ஒட்டியிருந்தேன், என் கையெழுத்துதான். அதை ஒரு முறை படிக்கவும் செய்தேன், ஆனால் படித்தது உள்ளே போகவில்லை. சிரிஞ்சை நோயாளியின் நரம்பில் செருகியிருந்த கானுலா குழாயில் பொருத்திய பிறகு டெக்னீஷியன் என் மணிக்கட்டைப் பிடித்து, "சார், அது வெக்" என்றார். மூன்றே வார்த்தை. அதற்குப் பிறகு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோது என் முட்டி நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

இதில் பெரிய ஆபத்து, அந்த நேரத்தில் எனக்குத் தூக்கம் வருகிறது என்றே எனக்குத் தெரியாது. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆய்வில் இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். கடைசியில் அவர்களுடைய கவனம் ஒன்றிரண்டு இரவுகள் அறவே தூங்காதவர் அளவுக்குக் குறைந்திருந்தது, ஆனால் கேட்டால் "கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்" என்றார்கள். அதனால்தான் "எனக்குப் பழகிவிட்டது" என்று ஒரு டாக்டர் சொன்னால் நான் நம்புவதில்லை. உடம்புக்கு இது பழகாது. அசதியை உணர்வதுதான் மரத்துப்போகிறது.

லேபர் வார்டு அக்கா (ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ்):

தம்பி, உங்கள் தங்கையின் வார்டில்தான் நான் 26 வருடம் இருந்தேன், அதாவது அதே மாதிரியான வார்டில். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

பி.பி. ஏறி வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்பேட் போடுவோம். முதலில் நரம்பில் 4 கிராம், இரண்டு இடுப்பிலும் 5, 5 கிராம், அப்புறம் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை 5 கிராம். ஒவ்வொரு தடவையும் போடுவதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்த்தே ஆக வேண்டும்: முட்டியில் தட்டினால் கால் உதறுகிறதா, மூச்சு ஒழுங்காக எண்ணிக்கையில் இருக்கிறதா, மூத்திரம் போதுமான அளவு இறங்கியிருக்கிறதா. மருந்து உடம்பில் தேங்கினால் முதலில் முட்டி உதறல் நிற்கும், அதற்கடுத்து மூச்சு நிற்கும். அன்றைக்கு ஒரு பி.ஜி. பிள்ளை, இரண்டாவது ராத்திரி முழித்துக்கொண்டிருந்தது, மூன்றையும் "நார்மல்" என்று சார்ட்டில் எழுதிவிட்டு மருந்தை எடுக்கச் சொன்னது. யூரின் பேக்கைப் பார்த்தேன், 4 மணி நேரத்தில் 100 மில்லியாவது இருக்க வேண்டிய இடத்தில் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. "டாக்டர், வாங்க, முட்டியைத் தட்டிப் பார்க்கலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். கால் அசையவில்லை. அந்த டோஸை நிறுத்தினோம், பெரிய டாக்டருக்குப் போன் போட்டோம், அந்த மருந்தை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட்டை உடைத்துத் தயாராகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடியும்வரை மூச்சை எண்ணினோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அந்தப் பிள்ளை பொய் எழுதவில்லை தம்பி. முந்தின டோஸுக்குத் தட்டிப் பார்த்ததை இந்த டோஸுக்குப் பார்த்ததாக அதன் மூளை நினைத்துவிட்டது. காலையில் டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து அழுதது. ரொம்ப நல்ல டாக்டர்.

உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள்: ராத்திரி 3லிருந்து 5 மணிக்குள் எந்த மருந்தானாலும் வாய்விட்டுப் பெயரும் அளவும் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கும் சிஸ்டரைத் திருப்பிச் சொல்லச் சொல்லட்டும். ரத்தம் ஏற்றினால் பேக் நம்பரை இரண்டு பேர் படிக்கட்டும். தூக்கத்தில் இருந்து எழுப்பி ஆர்டர் கேட்டால் உடனே சொல்லக் கூடாது, முகம் கழுவி, வார்டுக்கு நடந்து வந்து, பேஷண்டைப் பார்த்த பிறகுதான். எழுந்த முதல் கால் மணி, அரை மணி மூளை முழுசாக வேலை செய்யாது. சிஸ்டர் யாரும் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டோம். இப்படிக் கேட்கும் டாக்டர் மேல் எங்களுக்கு மரியாதைதான் கூடும்.

சேலம் வழக்கறிஞர்:

உத்தரவு இருக்கிறது. நடைமுறையில்தான் இல்லை.

1992 ஜூன் 5 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ரெசிடென்சி திட்டத்துக்கான உத்தரவைப் போட்டது. ரெசிடென்ட் டாக்டர்களின் தொடர் பணி சாதாரணமாக ஒரு நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஜூனியர் ரெசிடென்ட்களுக்கு, அதாவது பி.ஜி.க்களுக்கு, வாரம் 48 மணி நேரம் என்று அதில் இருக்கிறது. 30 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிமுறைகளில் எண்ணையே போடாமல், "நியாயமான வேலை நேரம்", "நியாயமான ஓய்வு" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எது நியாயம் என்று முடிவு செய்வது துறைத் தலைவர்தான், மாணவர் அல்ல. எனக்கு அந்த வார்த்தைமேல் கடும் ஆட்சேபம் உண்டு. அதே ஆணையம் அமைத்த மாணவர் மனநலக் குழு 2024இல் வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஒரு நாள் விடுமுறை, தினம் 7, 8 மணி நேரத் தூக்கம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை விதி ஆகாது.

லாரி, பஸ் ஓட்டுபவர்களுக்கு 1961ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று எண் போட்டே எழுதியிருந்தது. ஸ்டியரிங் பிடிக்கும் கைக்கு எண் வைத்த நாடு கத்தி பிடிக்கும் கைக்கு அப்படிச் சட்டத்தில் வைக்கவில்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட அந்தப் பெண் மருத்துவர், நீண்ட ட்யூட்டிக்கு நடுவில் கண்ணயர செமினார் ஹாலுக்குத்தான் போனார் என்பதை மறக்க முடியவில்லை. ட்யூட்டி நேரமும் ஓய்வறையும் பாதுகாப்பும் தனித்தனி விஷயங்கள் இல்லை.

பெயர் வராமல் செய்ய ஒரு வழி உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், மாணவராகவோ பெற்றோராகவோ இருக்கத் தேவையில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் ஒரு துறையை மட்டும் கேட்டால் சந்தேகம் உங்கள் தங்கை யூனிட் மேல் திரும்பும். கல்லூரியின் எல்லா துறைகளுக்கும் கடந்த 3 மாத ட்யூட்டி ரோஸ்டர் நகலைக் கேளுங்கள், அவரோடு தொடர்பில்லாத ஒரு நண்பர் பெயரில் போடுங்கள். ரோஸ்டரில் 12 மணி நேரம் என்று எழுதி 36 மணி நேரம் வேலை வாங்கினால் அந்தக் காகிதமே பிறகு சாட்சி.

ஜெனரல் சர்ஜன், மதுரைப் பக்கம்:

இதை எழுதினால் திட்டு விழும் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நேரத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் வார்டுக்குள் இருப்பதில்லை. நான் ராத்திரி திறந்த வயிற்றை நான்தான் காலையிலும் பார்க்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது எவ்வளவு விஷயம் விட்டுப்போகிறது தெரியுமா? அமெரிக்காவில் அறுவை சிகிச்சைப் பயிற்சியில் கறாரான நேரக்கட்டுப்பாட்டையும் தளர்த்திய நேரத்தையும் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் ஒப்பிட்டு 2016இல் வெளியிட்டார்கள். நோயாளிகளின் மரணத்திலோ பெரிய சிக்கல்களிலோ வித்தியாசம் இல்லை. இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். எங்கள் யூனிட்டில் ஒரு பி.ஜி. இடம் காலி, நேரத்தைக் குறைத்தால் அந்த 12 மணி நேரத்தை யார் பார்ப்பது?

பாஸ்டன் தமிழச்சி (இன்டர்னல் மெடிசின்):

சார், உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது, ஆனால் அந்த ஆய்வைப் பற்றி ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதில் இரண்டு பக்கத்துக்கும் வாரம் 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு பொதுவாக இருந்தது. அந்த வரம்புக்குள் ஷிஃப்டை நீட்டலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. உச்சவரம்பே இல்லாமல் வாரம் 100 மணி நேரம் போகும் இடத்துக்கு அதைச் சாட்சியாகக் கொண்டுவர முடியாது.

அந்த 80 எப்படி வந்தது என்றால், ஒரு பெண்ணின் சாவில் இருந்து வந்தது. 1984 மார்ச்சில் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண்ணைக் காய்ச்சலோடும் உடல் உதறலோடும் ராத்திரி அட்மிட் செய்தார்கள். அவள் ஏற்கெனவே ஃபினெல்சின் என்ற மனச்சோர்வு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதோடு பெத்திடின் என்ற வலி மருந்து சேரவே கூடாது. கொடுத்துவிட்டார்கள். அவளைப் பார்த்துக்கொண்ட முதல் வருட டாக்டர் மேல் அந்த ராத்திரி இன்னும் பல பத்து நோயாளிகள் பொறுப்பு இருந்தது. அவள் துடிக்கத் துடிக்கக் கட்டிப்போடச் சொன்னார்களே தவிர, டாக்டர் வந்து மறுபடி பார்க்கவில்லை. காலையில் காய்ச்சல் 107 டிகிரிக்குப் போய் இறந்துவிட்டாள். அவள் அப்பா சிட்னி சயான் பத்திரிகையாளர், விடவில்லை. கிராண்ட் ஜூரி டாக்டர்கள் மேல் கிரிமினல் வழக்குக்கு ஒப்பவில்லை, ஆனால் இந்தப் பயிற்சி முறையே தவறு என்றது. 1989இல் நியூயார்க் மாநிலம் வாரம் 80 மணி நேரம், ஒரே மூச்சில் 24 மணி நேரம் என்று வரம்பு போட்டது. 2003இல் நாடு முழுவதும் 80 வந்தது. முதல் வருடத்தினருக்கு 2011இல் 16 மணி நேரமாகக் குறைத்தார்கள், 2017இல் மறுபடி 24க்கே போய்விட்டார்கள். அது எனக்கு வருத்தம்தான். ஏனென்றால் 2004இல் இங்கே பாஸ்டனில் ஐ.சி.யூ.வில் செய்த ஆய்வில், 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பழைய முறையில் வேலை பார்த்த இன்டர்ன்கள் (முதல் வருடப் பயிற்சி டாக்டர்கள்), நேரம் குறைக்கப்பட்டவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகப் பெரிய தவறுகள் செய்தார்கள்.

"நாங்களும் இப்படித்தான் படித்தோம்" என்பவர்களுக்கு: இந்தப் பயிற்சி முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உருவாக்கிய சர்ஜன் ஹால்ஸ்டெட் முதலில் கொக்கைனுக்கும் பிறகு மார்ஃபினுக்கும் அடிமையாக இருந்தவர். பயிற்சி டாக்டர்கள் மருத்துவமனையிலேயே குடியிருந்ததால்தான் அவர்களுக்கு ரெசிடென்ட் என்றே பெயர். அந்தக் காலத்து வார்டில் ஐ.சி.யூ. கிடையாது, வென்டிலேட்டர் கிடையாது, ஒரு நோயாளிக்குப் பதினைந்து மருந்தும் கிடையாது.

ஹேண்டோவர், அதாவது ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைப்பது பற்றி நீங்கள் சொல்வது உண்மை சார். அதற்கு மருந்து ஹேண்டோவரைச் சரி செய்வது. ஒன்பது மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டில் வரிசை வைத்து, எழுதி, கேட்பவர் திருப்பிச் சொல்லும்படி மாற்றினார்கள், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. 2014இல் வெளிவந்தது. நாங்கள் தினமும் அதைத்தான் செய்கிறோம், ஒரு நோயாளிக்கு ஒரு நிமிடம் ஆகும்.

ஜெனரல் சர்ஜன், மதுரைப் பக்கம்:

80 மணி நேர வரம்பை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் யூனிட்டில் ஹேண்டோவர் என்பது "பத்தாம் பெட் பார்த்துக்கோ" என்று நடந்துகொண்டே சொல்வதுதான். இந்த வாரமே எழுதி வாங்க ஆரம்பிக்கிறேன். ஆள் பற்றாக்குறைக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

மயக்கவியல் டாக்டர்:

ஆள் இல்லாவிட்டாலும் செய்யக்கூடியது ஒன்று. ராத்திரி இரண்டு பி.ஜி.க்கள் இருந்தால் 1 முதல் 3 ஒருவர், 3 முதல் 5 இன்னொருவர் என்று படுக்கட்டும், படுப்பவரின் போன் மற்றவர் கையில் இருக்கட்டும். காபி குடிப்பதென்றால் படுப்பதற்கு முன் குடித்துவிட்டு 20 நிமிடம் கண்ணை மூடினால் அது வேலை செய்ய ஆரம்பிக்கும்போது எழுந்திருக்கலாம். விடிகாலை 5 மணிக்கு மேல் வேண்டாம், பகலில் வரும் தூக்கத்தையும் கெடுக்கும்.

அருப்புக்கோட்டை அண்ணன்:

எல்லோருக்கும் நன்றி. முழுவதையும் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். அந்த முட்டி அசையாத கதையில் நிறுத்தச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அண்ணா, அந்த மூணு கட்டத்தையும் நானும் அப்படி நிரப்பியிருக்கேனான்னு எனக்கே தெரியலை" என்றாள்.

ஸ்கூட்டி சாவி இப்போது அம்மாவிடம். தெருமுனை ஆட்டோக்காரரிடம் மாதக் கணக்குப் பேசிவிட்டோம், அட்மிஷன் நாளுக்கு மறுநாள் மாலை வார்டு வாசலுக்கே வருவார். இரண்டு மணி நேரம் மாறி மாறிப் படுக்கும் யோசனையை அவள் சக பி.ஜி.யிடம் பேசினாள், அந்தப் பெண்ணும் சரி என்றிருக்கிறாள். படுப்பதற்கு இடம்தான் இல்லை, இப்போதைக்கு ஸ்டோர் ரூமில் பழைய கட்டில் ஒன்றை ஒதுக்கித் தர வார்டு சிஸ்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார், உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

வழக்கறிஞர் சார், மனுவை என் நண்பர் பெயரில் எழுதிவிட்டோம். எல்லா துறைகளும், கடந்த 3 மாதம். கட்டணத்தை போஸ்டல் ஆர்டராக வைக்கலாமா, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள், நாளைக் காலை தபாலில் சேர்த்துவிடுகிறேன்.